உங்க டெஸ்க்டாப்பை நீங்களே அசெம்பிள் பண்ணுங்க: கணக்குப் போட்டா ஏன்னு புரியும்



"டெஸ்க்டாப் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். பார்ட்ஸ் வாங்கி நானே மாட்டலாமா, இல்ல கடையிலேயே போட்டுத் தரச் சொல்லலாமா?" வேலைக்குச் சேர்ந்த ஒன்றிரண்டு வருஷத்துல நிறைய பேருக்கு வர்ற கேள்வி இது. தெரிஞ்சவங்களைக் கேட்டா பெரும்பாலும் ரெண்டு பதில்தான் வரும். "அசெம்பிளி சார்ஜ் சில நூறு ரூபாதான், அதுக்குப் போய் ஒரு ஞாயித்துக்கிழமையை வீணாக்குவியா?"னு ஒருத்தர் கேட்பார். "பேசாம இ.எம்.ஐ.ல ஒரு கேமிங் லேப்டாப் எடுத்துடு"ன்னு இன்னொருத்தர் சொல்வார்.

ரெண்டுமே எனக்கு உடன்பாடு இல்லை. நீங்களே மாட்டுங்க. அந்தச் சில நூறு ரூபா மிச்சமாகும்கிறதுக்காக இதைச் சொல்லலை. தன் கையால மதர்போர்டை கேபினெட்டுக்குள்ள உட்கார வச்ச ஒருத்தர், அதுக்கப்புறம் எது கெட்டாலும் முழு கம்ப்யூட்டரை மாத்த மாட்டார். கெட்டுப்போன பார்ட்டை மட்டும் மாத்துவார். பெரிய பணம் மிச்சமாகிறது அங்கதான்.

முதல்ல, இது உங்களுக்குத் தேவையா?

ஆபீஸ்ல லேப்டாப் குடுத்திருக்காங்க, வீட்டுக்கு வந்தா படம் பார்க்க மட்டும்தான் கம்ப்யூட்டர்னா, தயவுசெஞ்சு வாங்காதீங்க. கையில மூணு மாசச் செலவுக்கான அவசரக்காலப் பணம் இல்லைன்னாலும் இப்போதைக்கு வேண்டாம்.

வீடியோ எடிட்டிங், டிசைன், கோடிங் மாதிரி ஒரு பக்க வருமானம் இருக்கு, ஆபீஸ் லேப்டாப்புல அந்த வேலையைச் செய்யக் கம்பெனி விதி இடம் குடுக்காது, இல்ல வீட்டுல தம்பியோ தங்கச்சியோ இன்ஜினியரிங் படிக்கிறாங்கன்னா, தேவை நியாயமானது. கேம் ஆடணும்கிறதும் நியாயமான ஆசைதான். ஆனா அதுக்கு "இன்வெஸ்ட்மென்ட்"னு பேர் வைக்காதீங்க. கம்ப்யூட்டர், வாங்கின அன்னைக்கே மதிப்பு குறைய ஆரம்பிக்கிற பொருள். அதுல போடுற ஒவ்வொரு ரூபாயும் எத்தனை வருஷம் உழைக்குதுன்னு மட்டும்தான் பார்க்கணும்.

"நோ காஸ்ட்" இ.எம்.ஐ.ல இருக்கிற காஸ்ட்

60,000 ரூபா பொருள், 12 மாசம், மாசம் 5,000, வட்டி இல்லைன்னு போட்டிருக்கும். உள்ள நடக்கிறது வேற. உங்க கிரெடிட் கார்டு வங்கி வட்டி போடத்தான் செய்யுது. அந்த வட்டிக்குச் சமமான தொகையைக் கடைக்காரர் முன்னாடியே தள்ளுபடியா கழிச்சுடுறார், அவ்வளவுதான். உதாரணத்துக்கு வருஷத்துக்கு 15% வட்டின்னு வைங்க. வங்கி உங்களுக்குக் கடனா எழுதுறது சுமார் 55,400. மீதி சுமார் 4,600 வட்டி. அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி., கிட்டத்தட்ட 830 ரூபா, உங்க தலையில விழும். பிராசசிங் ஃபீஸ் தனி, அதுக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. பூஜ்ய சதவீத வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கு.

சில நூறு, ஆயிரம் ரூபா தானேன்னு தோணலாம். இ.எம்.ஐ.யோட நிஜமான ஆபத்து வேற இடத்துல இருக்கு. மாசம் 5,000 தானேன்னு நினைக்கும்போது, 60,000க்கு யோசிச்ச ஆள் 90,000க்குப் போயிடுறார். மொத்தத் தொகை கண்ணுல படுறதே இல்லை. பார்ட் பார்ட்டா வாங்குறவருக்கு இந்த மயக்கம் வராது. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியா விலை பார்த்து, "இது எனக்கு எதுக்கு?"ன்னு ஏழெட்டுத் தடவை கேட்டுத்தான் ஆகணும். இதைவிட நல்ல பட்ஜெட் பயிற்சி எனக்குத் தெரிஞ்சு இல்லை.

அஞ்சு வருஷக் கணக்கு

ஒரு எளிய கணக்கு போடலாம். விலை வாராவாரம் மாறும், அதனால இதை விலைப்பட்டியலா எடுத்துக்காதீங்க, கணக்குக்கான உதாரணம் மட்டும்.

ரெண்டு பேர் ஆளுக்கு 70,000 ரூபாய்க்கு வாங்குறாங்க. ஒருத்தர் லேப்டாப், இன்னொருத்தர் டெஸ்க்டாப். நாலாவது வருஷம் ரெண்டு பேருக்கும் வேகம் பத்தலை. லேப்டாப்புல பிராசசரும் கிராபிக்ஸும் போர்டோட சேர்த்து சால்டர் பண்ணியிருக்கும், பல மாடல்கள்ல ராமும் அப்படித்தான். அதனால அவருக்குத் திரும்பவும் 70,000 வேணும். டெஸ்க்டாப்காரர் கிட்ட கேபினெட், எஸ்.எம்.பி.எஸ்., எஸ்.எஸ்.டி., மானிட்டர், கீபோர்டு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. போர்டு, பிராசசர், ராம் மூணையும் மாத்தினாக்கூடப் பாதி விலைக்குள்ள, 35,000ல முடிக்கலாம்னு வைங்க. பல நேரம் பிராசசரை மட்டுமோ, ராமை மட்டுமோ மாத்தினா போதும்.

மிச்சம் 35,000. இதோட, வாங்கின நாள்ல இருந்து மாசம் 750 ரூபா ஆர்.டி. போட்டுட்டு வந்திருந்தா, 48 மாசத்துல அசல் மட்டுமே 36,000. அப்கிரேடு செலவு மொத்தமும் இ.எம்.ஐ. இல்லாமலேயே முடிஞ்சுடும்.

இது வெறும் பேப்பர் கணக்கும் இல்லை. ஏ.எம்.டி. கம்பெனியோட ஏ.எம்.4 சாக்கெட்டைப் பாருங்க. 2017ல முதல் தலைமுறை ரைசனும் பி350 போர்டும் வாங்கினவர், அந்த போர்டு கம்பெனி பயாஸ் அப்டேட் குடுத்திருந்தா, 2022ல அதே போர்டுல ரைசன் 5000 வரிசை பிராசசரைப் போட முடிஞ்சது. போர்டு அதே, ராம் அதே, கேபினெட் அதே. இன்டெல்ல எல்.ஜி.ஏ.1700 சாக்கெட் 12, 13, 14 மூணு தலைமுறைக்கு ஓடிச்சு. 2024ல வந்த கோர் அல்ட்ரா 200க்கு சாக்கெட்டே மாறிடுச்சு. அதனால போர்டு வாங்கும்போது "இந்த சாக்கெட்டுக்கு இன்னும் புது பிராசசர் வருமா?"ன்னு கேளுங்க. 2022ல வந்த ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு 2027 வரைக்குமாவது ஆதரவு உண்டுன்னு ஏ.எம்.டி. சொல்லியிருக்கு. உங்க அப்கிரேடு செலவைத் தீர்மானிக்கிற கேள்வி இதுதான்.

இன்னொரு லாபமும் இருக்கு. பார்ட்ஸ் விலை ஒரே நேரத்துல ஏறி இறங்குறது இல்லை. 2021ல கிரிப்டோ மைனிங், சிப் தட்டுப்பாடு ரெண்டும் சேர்ந்து கிராபிக்ஸ் கார்டு விலை தாறுமாறா போச்சு, 2022ல இறங்கிச்சு. 2025 கடைசியில ஏ.ஐ. சர்வர்களுக்கான தேவையால ராம் விலை ஏறிச்சு. நீங்களே மாட்டத் தெரிஞ்சா, விலை ஏறின பார்ட்டை மட்டும் தள்ளிப்போடலாம். கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிற பிராசசரை வாங்கி ஒரு வருஷம் ஓட்டிட்டு, போனஸ் வந்தப்புறம் கார்டு மாட்டலாம்.

மாட்டுறது அவ்வளவு கஷ்டமா?

ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு மேஜை, மூணு நாலு மணி நேரம். அவ்வளவுதான் வேணும். வரிசையை வீடியோல பார்த்துக்கலாம். எங்க கவனம் தப்பினா காசு போகும்கிறதை மட்டும் இங்க சொல்றேன்.

முதல்ல அளவு. முழு ஏ.டி.எக்ஸ். போர்டு 305 x 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244 x 244 வரைக்கும். கேபினெட் எந்த அளவு போர்டை ஏத்துக்கும், கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு நீளம் போகும், கூலர் எவ்வளவு உயரம் போகும்னு மூணையும் வாங்குறதுக்கு முன்னாடியே பாருங்க.

போர்டை கேபினெட்டுக்குள்ள வைக்கிறதுக்கு முன்னாடி, அதோட அட்டைப்பெட்டி மேலேயே வச்சு பிராசசர், ராம், எம்.2 எஸ்.எஸ்.டி. மூணையும் மாட்டிடுங்க. வெளிய இடம் தாராளமா இருக்கும். கையில இருக்கிற நிலைமின்சாரம் போக, அடிக்கடி கேபினெட்டோட பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதியைத் தொட்டுக்குங்க.

பிராசசர்ல ஒரு மூலையில சின்ன முக்கோணம் இருக்கும், சாக்கெட்டுலயும் இருக்கும். ரெண்டும் ஒரே பக்கம் வரணும். அழுத்தவே கூடாது, தானா உட்காரும். வளைஞ்சுபோன பின்னுக்கு வாரண்டி கிடைக்காது. புது போர்டு சாக்கெட் மேல இருக்கிற பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீங்க. வாரண்டிக்குப் போகும்போது அந்த மூடி இல்லாம போர்டை வாங்க மறுக்கலாம்.

ராமுக்கு நேர் எதிர், கொஞ்சம் அழுத்தித்தான் ஆகணும். புதுசா மாட்டுறவங்க பயப்படுறது இங்கதான். கிளிக்னு சத்தம் வர்ற வரைக்கும் ரெண்டு ஓரத்துலயும் அழுத்துங்க. நாலு ஸ்லாட் இருந்து ரெண்டு ராம்தான் இருக்குன்னா, பெரும்பாலான போர்டுகள்ல பிராசசர்ல இருந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதும்தான் சரி. பக்கத்துப் பக்கத்துல மாட்டினா ரெண்டு ராமுக்குக் காசு குடுத்துட்டு ஒரு பாதையில ஓட்டுற மாதிரி ஆயிடும்.

கூலருக்கு அடியிலயும் எஸ்.எஸ்.டி. ஹீட்சிங்க் அடியிலயும் மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தா உரிச்சுடுங்க. கூலர் ஒயரை "சி.பி.யு. ஃபேன்"னு எழுதியிருக்கிற இடத்துலதான் குத்தணும்.

அடுத்து கேபினெட். போர்டுக்குக் கீழ வர்ற பித்தளை நிற ஸ்டாண்ட்ஆஃப், போர்டுல ஓட்டை இருக்கிற இடத்துல மட்டும்தான் இருக்கணும். ஓட்டை இல்லாத இடத்துல ஒண்ணு நீட்டிக்கிட்டு இருந்தா, போர்டோட பின்பக்கம் அதுல பட்டு ஷார்ட் ஆகும். ரெண்டு நிமிஷ வேலை, காப்பாத்துறது ஒரு போர்டை. அதே மாதிரி, பின்பக்கம் மாட்டுற தகடு தனியா வந்திருந்தா, போர்டுக்கு முன்னாடியே அதை மாட்டணும். மறந்தா எல்லாத்தையும் கழட்டித்தான் திரும்ப மாட்டணும்.

எஸ்.எம்.பி.எஸ்.ல இருந்து போர்டுக்கு 24 பின் ஒயர் ஒண்ணு, பிராசசருக்கு மேல் மூலையில 8 பின் ஒயர் ஒண்ணு. ரெண்டும் மாட்டினாத்தான் ஓடும். மாடுலர் எஸ்.எம்.பி.எஸ்.னா ஒரு விதியை மனசுல வைங்க: பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஓட ஒயரை புதுசுல குத்தவே கூடாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ள வரிசை மாறியிருக்கலாம். எஸ்.எஸ்.டி., ஹார்ட் டிஸ்க் எரிஞ்சுபோகும். ஹார்ட் டிஸ்க் விலையை விட உள்ள இருந்த போட்டோவுக்கும் ஃபைலுக்கும்தான் விலை அதிகம்.

ஃபேன் முன்பக்கம் காத்தை உள்ள இழுக்கணும், பின்பக்கம் வெளிய தள்ளணும். கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தா மானிட்டர் ஒயரை கார்டுலதான் குத்தணும், போர்டுல இல்லை. டி.டி.ஆர்.5 ராம் போட்ட புது மெஷின், முதல் தடவை ஆன் பண்ணும்போது சில நிமிஷம் திரை கறுப்பாவே இருக்கலாம். பயந்து ஆஃப் பண்ணாதீங்க, ராமைச் சோதிச்சுக்கிட்டு இருக்கும்.

கடைசியா பயாஸ். 3200 வேகம்னு காசு குடுத்து வாங்கின டி.டி.ஆர்.4 ராம், எக்ஸ்.எம்.பி. ஆன் பண்ணாத வரைக்கும் 2133, 2400ன்னு குறைஞ்ச வேகத்துலயே ஓடிக்கிட்டு இருக்கலாம். காசு குடுத்த வேகத்தைக் கேட்டு வாங்குங்க.

எங்க கஞ்சத்தனம் கூடாது?

எஸ்.எம்.பி.எஸ்.ல. கேபினெட்டோடயே இலவசமா வர்ற, எந்தச் சான்றிதழும் இல்லாம "500 வாட்"னு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டின டப்பாவை நம்பி 60,000 ரூபா பார்ட்ஸை மாட்டாதீங்க. உங்க வீட்டு மின்சாரத்துக்கும் மத்த எல்லா பார்ட்டுக்கும் நடுவுல நிக்கிறது அது ஒண்ணுதான். 80 ப்ளஸ்னு பார்த்து வாங்குங்க. ஆனா அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காம மாத்துதுங்கிறதுக்கான சான்றிதழ்தான், தரத்துக்கான முழு உத்தரவாதம் இல்லை. வாரண்டி எத்தனை வருஷம்னும் பாருங்க. அதுக்காக 850 வாட் வேணும்னு விற்பனையாளர் சொன்னா தலையாட்டவும் வேண்டாம். ஆர்.டி.எக்ஸ். 4060 மாதிரி 115 வாட் கார்டுக்கு என்விடியாவே 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். போதும்னுதான் சொல்லுது. எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்க மட்டும் முயற்சி பண்ணாதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள மின்சாரம் தங்கியிருக்கும்.

ரெண்டாவது, எர்த். கேபினெட்டைத் தொட்டா விரல்ல சுர்ருன்னு லேசா உணர்வு வந்தா, பெரும்பாலும் உங்க வீட்டு பிளக்குல எர்த் சரியா இல்லைன்னு அர்த்தம். வாடகை வீடுகள்ல இது சாதாரணம். ஆர்.ஜி.பி. லைட்டுக்குச் செலவழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்க.

மூணாவது, பில். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ, பெங்களூரு எஸ்.பி. ரோடோ, ஆன்லைனோ, "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்"ன்னு சொன்னா அந்த ஆசைக்கு விழாதீங்க. ஜி.எஸ்.டி. பில்லுல ஒவ்வொரு பார்ட்டோட சீரியல் நம்பரும் இருக்கணும். பெட்டியோட வர்ற இன்டெல், ஏ.எம்.டி. பிராசசருக்குக் கம்பெனியே மூணு வருஷ வாரண்டி தருது. பெட்டி இல்லாம விக்கிற "டிரே" பிராசசருக்கு நீங்க நம்ப வேண்டியது கடைக்காரரை மட்டும்தான். பிராசசர் பேரையும் கவனிங்க. இன்டெல்ல பேரு கடைசியில எஃப் இருந்தா உள்ள கிராபிக்ஸ் கிடையாது. சில ஆயிரம் குறையுதேன்னு அதை வாங்கிட்டு, கார்டு இல்லாம மாட்டினா திரையில ஒண்ணும் வராது.

"ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

இந்தப் பயம் நியாயமானது. ஆனா அடுத்த பக்கத்தையும் பாருங்க. கடையில மாட்டி வாங்கின மெஷின் மூணாவது வருஷம் ஆன் ஆகலைன்னா, தூக்கிட்டுப் போய் வைப்பீங்க. "போர்டு போச்சு சார், இந்த மாடல் இப்ப வர்றதில்லை, புதுசாவே போட்டுடுங்க"ன்னு சொன்னா, அது உண்மையா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாது. நீங்களே மாட்டினவர்னா, ராமைக் கழட்டித் திரும்பக் குத்திப் பார்ப்பீங்க, ஒவ்வொண்ணா மாத்திப் பார்ப்பீங்க, எஸ்.எம்.பி.எஸ்.ஸை நண்பர் வீட்டுல இருந்து வாங்கிச் சோதிப்பீங்க. கடைக்காரர் எல்லாரும் ஏமாத்துறாங்கன்னு சொல்லலை, நேர்மையானவங்க நிறைய இருக்காங்க. ஆனா எதுவும் தெரியாம எதிர்ல நிக்கிறவர், சொல்ற விலையைக் குடுத்துட்டுத்தான் வரணும். இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்டு எல்லாத்துலயும் இதுதான் கதை.

நேரமும் பணம்தானே, அந்த ஞாயித்துக்கிழமைக்கு மதிப்பு இல்லையான்னு கேட்கலாம். இருக்கு. ஆனா மாட்டக் கத்துக்கிற அந்த மூணு நாலு மணி நேரம், ஒவ்வொரு அப்கிரேடுலயும் ஒவ்வொரு ரிப்பேர்லயும் திரும்ப வரும். அதைச் செலவுக் கணக்குல எழுதாதீங்க.

ஊர் ஊரா மாத்தல் ஆகிற வேலை, பி.ஜி.யில தங்கியிருக்கீங்க, மேஜைக்கே இடமில்லைன்னா லேப்டாப்தான் சரி, அதுல மாத்துக்கருத்து இல்லை. அப்பவும் ராமும் எஸ்.எஸ்.டி.யும் மாத்த முடியுற மாடலாப் பார்த்து எடுங்க. கை நடுக்கம், கண்பார்வைப் பிரச்சினை இருந்தாலோ, மனசே வரலைன்னாலோ கடையில போடச் சொல்லுங்க. ஆனா ஒரு நிபந்தனை: பக்கத்துல நின்னு பாருங்க, ஒவ்வொரு பார்ட்டோட பெட்டியையும் கேட்டு வாங்கிட்டு வாங்க.

இந்த வாரம் புதுசா எதுவும் வாங்க வேண்டாம். வீட்டுல பழைய டெஸ்க்டாப் ஒண்ணு ஓரமாக் கிடந்தா, பிளக்கைப் பிடுங்கிட்டு, பக்கத்துக் கதவைக் கழட்டி, தூசியைத் தட்டி, ராமை ஒரு தடவை கழட்டி மாட்டிப் பாருங்க. அந்தப் பழைய மெஷினுக்கே ஒரு எஸ்.எஸ்.டி. போட்டா வேலை முடிஞ்சுடும்னு தெரியவந்தா, 70,000 ரூபா உங்க அக்கவுண்ட்லயே இருக்கும். இந்தப் பதிவுக்கு அதைவிட நல்ல முடிவு எதுவும் இல்லை.